எதிர் வீட்டுச் சுண்டல், ஆயுத பூஜை, வாசல் கோலம்: ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எதை ஏற்கலாம்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பத்துப் பெண். கல்யாணமாகிச் சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாசம். நவராத்திரிக்கு எதிர் வீட்டு மாமி சுண்டல் கொடுக்கிறார். ஆபீசில் ஆயுத பூஜைக்கு எல்லோரும் வரவேண்டும் என்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகள் பொங்கலுக்கு வாசலில் கோலம் போடணும் என்று அடம் பிடிக்கிறாள். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் மாமியார், மூன்றுமே விக்கிரக ஆராதனை என்கிறார். கணவர் இதில் வாயே திறப்பதில்லை. "வேதத்தின்படி எது சரி?" என்று கேட்டிருக்கிறீர்கள், சகோதரி.

மூன்றையும் ஒரே கணக்கில் எழுதமுடியாது. சுண்டலுக்குச் சொல்லும் பதில் கோலத்துக்குப் பொருந்தாது, கோலத்துக்குச் சொல்வது ஆயுத பூஜைக்குப் பொருந்தாது. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு "இது இந்துவா, கிறிஸ்தவமா?" என்று கேட்டால் ஆயுசுக்கும் சண்டைதான். அந்தச் செயல் யாரை நோக்கிச் செய்யப்படுகிறது, அதைச் செய்யும்போது பக்கத்தில் இருக்கிறவருக்கு என்ன ஆகிறது என்று இரண்டு கேள்விகளை அப்போஸ்தலன் பவுல் கேட்கிறார். அதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

முதலில் சுண்டல். கொரிந்து சபைக்கு ஏறக்குறைய கி.பி. 55-இல் எபேசுவிலிருந்து பவுல் எழுதிய கடிதத்தின் 8 முதல் 10 வரையுள்ள அதிகாரங்கள் முழுக்க இந்தப் பிரச்சினைதான். கொரிந்து ரோமக் குடியேற்ற நகரம், துறைமுகங்களுக்கு நடுவே இருந்த ஊர், எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு கோயில். அங்கே அஸ்கிலேப்பியஸ் என்ற வைத்தியத் தெய்வத்தின் கோயிலைத் தோண்டியபோது, படுத்தபடி சாப்பிடுவதற்கான மேடைகளோடு விருந்து அறைகள் கிடைத்தன. பிறந்தநாள், குடும்ப விசேஷம் என்றால் கோயில் வளாகத்திலேயே விருந்து நடக்கும். பலியில் மிஞ்சிய இறைச்சி சந்தைக்கும் வரும். கறிக்கடையில் வாங்கும் துண்டு எந்தச் சந்நிதியைத் தாண்டி வந்தது என்று யாருக்குத் தெரியும்? வசதியான கிறிஸ்தவனுக்குக் கோயில் விருந்துக்கு அழைப்பு வரும். கூலிக்காரனுக்கோ திருவிழா நாளில் மட்டும்தான் கறியே கிடைத்திருக்கும்.

இதற்குப் பவுல் மூன்று இடங்களுக்கு மூன்று பதில் சொல்கிறார். கோயிலுக்குள் உட்கார்ந்து பலி விருந்து சாப்பிடுவது கூடாது. கர்த்தருடைய பந்தியிலும் அந்தப் பந்தியிலும் சேர்ந்து உட்காரமுடியாது. கடையில் விற்கிற கறியை வாங்கிச் சாப்பிடலாம், எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கவே வேண்டாம். விசுவாசியல்லாத ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் போகலாம், முன்னே வைப்பதைச் சாப்பிடலாம். ஆனால் யாராவது "இது படைக்கப்பட்டது" என்று சொன்னால் சாப்பிடவேண்டாம், உன் மனச்சாட்சிக்காக அல்ல, சொன்னவருடைய மனச்சாட்சிக்காக. ஒரே கறிதான், ஒரே ஊர்தான். கறிக்குத் தோஷம் ஒட்டிக்கொள்ளும் என்று பவுல் எங்கேயும் சொல்லவில்லை. மனிதர்கள் கூடுகிற இடமும் அங்கே நடக்கிற காரியமும் மாறுவதால்தான் பதிலும் மாறுகிறது.

ஆனால் உங்கள் மாமியாருக்கு வேத ஆதாரம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடிய ஆலோசனைச் சங்கம், விக்கிரகங்களுக்குப் படைத்ததைத் தவிர்க்கும்படி புறஜாதிச் சபைகளுக்கு எழுதி அனுப்பியது. வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் பெர்கமு சபையையும் தியத்தீரா சபையையும் இதே விஷயத்துக்காகக் கடிந்துகொள்கிறார்கள். "வேதத்தில் அப்படியெல்லாம் இல்லை" என்று ஒரே வரியில் அவரை மடக்கப் பார்க்காதீர்கள். மடங்கமாட்டார், மடங்கவும் தேவையில்லை.

சரி, மாமி கதவைத் தட்டும்போது என்ன செய்வது? "பிரசாதம், எடுத்துக்கோங்கோ" என்று சொல்லிக் கொடுத்தால் அது பவுல் சொன்ன மூன்றாவது இடம். அங்கே "சொன்னவர்" யார், விருந்து கொடுப்பவரா, கூட உட்கார்ந்திருக்கிற இன்னொரு விசுவாசியா என்பதில் வேத விளக்கக்காரர்கள் ஒத்துப்போவதில்லை. என் தீர்மானம் இது: கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்தியோடு வாங்கவேண்டும் என்று அவர் எதிர்பார்க்கிற இடத்தில் அப்படி வாங்குவது பொய். அவருக்கும் அது மரியாதை இல்லை. "மாமி, படைச்சதுன்னா நாங்க எடுத்துக்கிறதில்ல, தப்பா நினைக்காதீங்க" என்று சிரித்த முகத்தோடு ஒருமுறை சொன்னால் போதும். இதைச் சொன்னால் மனம் நோகுமே என்று பயப்படுகிறவர்கள் நம் ஊர் மாமிகளை அறியாதவர்கள். பக்கத்து வீட்டில் கிறிஸ்தவர்களோ முஸ்லிம்களோ இருந்தால், நைவேத்தியம் செய்யும் முன்பே ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்து, "இது சாமிக்குப் படைக்கறதுக்கு முன்னாடியே எடுத்து வச்சது" என்று சொல்லிக் கொடுக்கிற வழக்கம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அடுத்த வருஷம் உங்கள் கிண்ணமும் அப்படித்தான் வரும். வந்தால் வாங்கி, தேங்காய்த் துருவல் உட்பட வழித்துச் சாப்பிடுங்கள். ஒன்றுமே சொல்லாமல் வெறும் சுண்டலாகக் கொடுத்தாலும் அப்படியே. விசாரணைக் கமிஷன் வேண்டாம். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியதும் குப்பைக் கூடையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குப் பிடிக்காத காரியம். வேண்டாம் என்றால் வாசலிலேயே சொல்லவேண்டும்.

கோலத்துக்கும் பொங்கலுக்கும் வருவோம். இதில் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு 400 வருஷ வழக்கு ஒன்று இருக்கிறது. 1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நொபிலி சந்நியாசி வேஷம் பூண்டார், சைவம் சாப்பிட்டார், பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் சமூக வழக்கமே தவிர வழிபாடு இல்லை என்று வாதாடினார். 1623-இல் போப் 15-ஆம் கிரகோரி நிபந்தனைகளோடு அதை அனுமதித்தார். பிறகு 1704-இல் ரோமிலிருந்து தூதராக வந்த தூர்னோன் புதுச்சேரியில் உட்கார்ந்து ஒரு தடைப் பட்டியல் போட்டார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது, 108 இழை மஞ்சள் கயிறு கூடாது, பெண்பிள்ளை வயதுக்கு வருவதை விழாவாகக் கொண்டாடக் கூடாது. அதே பட்டியலில் வேறு சிலவும் உண்டு. மாதவிலக்கு நாட்களில் பெண்களைக் கோவிலுக்கு வராதே என்று தடுக்கக் கூடாது. பறையர் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் குருவானவர் அந்த வீட்டுக்குள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுத்தே ஆகவேண்டும்.

இந்தப் பட்டியலை இன்று படிக்கும்போது எனக்கு உறைப்பது இதுதான்: தாலிச் சமாச்சாரத்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளையார் போய்ச் சிலுவை வந்தது, புறா வந்தது. இன்றைக்கும் தமிழ்க் கிறிஸ்தவத் தாலி அதுதான். பறையர் வீட்டுக்குப் போகச் சொன்ன உத்தரவுதான் தொண்டையில் சிக்கியது. 1744-இல் போப் 14-ஆம் பெனடிக்ட் தடைகளை உறுதிப்படுத்தியபோது, அந்த மக்களுக்கென்று தனியாகக் குருக்களை நியமிப்பது என்ற ஏற்பாட்டில் போய் முடிந்தது. சந்தனத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாதாடிய சபை, தீண்டாமையோடு சமரசம் பண்ணிக்கொண்டது. இதற்குத் திரும்ப வருகிறேன்.

கோலத்தை எடுத்துக்கொண்டால், மகாலட்சுமியை வரவேற்கப் போடுகிற வீடுகள் உண்டு. வாசல் அழகாக இருக்கட்டும் என்று போடுகிறவர்கள் உண்டு. திருச்சி, திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் தேர்ப்பவனி வருகிற தெருவில் வரிசையாகக் கோலம் கிடக்கும், நடுவில் சிலுவையும் நட்சத்திரமும் வரைந்திருப்பார்கள். அங்கேயே ஜனவரி 17 வனத்து அந்தோணியார் திருநாளுக்கு மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசிக் கோவிலுக்கு ஓட்டிக்கொண்டு போய் மந்திரித்துக்கொண்டு வருவார்கள். மாட்டுப் பொங்கல் முடிந்த கையோடு வருகிற நாள் அது. உங்கள் மகள் புள்ளி வைத்து நெளிவு இழுக்கிறபோது யாரையும் அழைக்கவில்லை. போடட்டும். சூரியனுக்குப் படைத்துக் கும்பிடுகிற பகுதி உங்களுக்குரியதில்லை, அதை விட்டுவிடுங்கள். பானை பொங்கட்டும், ஜெபித்துவிட்டுச் சாப்பிடுங்கள்.

விளைச்சலுக்கு நன்றி சொல்வது கடன் வாங்கின வழக்கம் என்று யாராவது சொன்னால், உபாகமம் 26-ஐத் திறந்து காட்டுங்கள். முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு போய்க் கர்த்தருடைய சந்நிதியில் என்ன சொல்லவேண்டும் என்பதுகூட அங்கே எழுதியிருக்கிறது. நாசரேத்தில் வளர்ந்தவருக்கு அறுப்பின் பண்டிகையை நான் விளக்கவேண்டியதில்லை. வாழைத்தார், பூசணி, கருப்பட்டி, கால் கட்டின சேவல் எல்லாம் பீடத்துக்கு முன்னால் வந்து குவியும். ஆராதனை முடிந்ததும் வெளியே ஏலம். ஒரு முருங்கைக்காய்க் கட்டை ஒருவர் கடை விலையைப் போல் பல மடங்கு கொடுத்து எடுப்பார், எடுத்த கையோடு "கோயிலுக்கே" என்று திருப்பிக் கொடுப்பார், அதையே மறுபடி ஏலம் விடுவார்கள். மேஸ்திரி போல ஒருவர் தொண்டை கிழியக் கூவுவார். அப்புறம் அசனம்: அண்டா அண்டாவாய்ச் சோறு, ஊரே ஒரே பந்தியில். இதைவிடத் தமிழான பண்டிகை எது?

"கிறிஸ்துமஸ் மரமே ஜெர்மனியிலிருந்து வந்ததுதானே, கல்யாண மோதிரம் ரோமாபுரி வழக்கம்தானே, கோலம் மட்டும் எப்படித் தப்பு?" என்று சிலர் மடக்குவார்கள். கேட்க நன்றாக இருந்தாலும் வலுவான வாதம் இல்லை. ஐரோப்பாக்காரன் செய்தது சரியா தப்பா என்பதை வைத்து நாம் செய்வது சரியாகிவிடாது. இதைவிட நல்ல சாட்சி நம் ஆராதனைக்குள்ளேயே இருக்கிறது. "பரிசுத்த முத்தத்தினால் வாழ்த்துங்கள்" என்று புதிய ஏற்பாட்டு நிருபங்களில் ஐந்து இடங்களில் வெவ்வேறு வார்த்தைகளில் கட்டளை இருக்கிறது. எந்தத் தமிழ்ச் சபையாவது அதை அப்படியே செய்கிறதா? கை கூப்பி "ஸ்தோத்திரம்" என்கிறோம். தென்னிந்தியத் திருச்சபையின் 1950 ஆராதனை முறையில் இருகைகளையும் நீட்டி ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுப்பது கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. முத்தத்தை விட்டோம், வாழ்த்தை விடவில்லை. மாமியாரின் சபை உட்பட யாரும் இதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணுவதில்லை. மறுபக்கம், கொரிந்து சபைப் பெண்களுக்குப் பவுல் சொன்ன முக்காட்டை விடாமல் வைத்திருக்கிறோம். கொரிந்து ஊர்ப் பெண்களுக்குச் சொன்னதை வைத்துக்கொண்டு திருநெல்வேலி ஊர்ப் பெண்ணின் கோலத்தை விலக்குவதற்கு என்ன அளவுகோல் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

பொட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். வைக்கிறவர் வைக்கட்டும், வைக்காதவர் விடட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: "பொட்டும் பூவும் வெறும் அலங்காரம்தான்" என்று சொல்லி வைத்துக்கொள்கிற கிறிஸ்தவக் குடும்பங்களில்கூட, கணவன் இறந்த அன்று அந்தப் பெண்ணின் தலையிலிருந்து பூவை எடுத்துவிடுகிறார்கள். வெறும் அலங்காரம் என்றால் எதற்கு எடுக்கவேண்டும்?

ஆயுத பூஜைதான் மூன்றிலும் கடினமானது, ஏனென்றால் அங்கே சம்பளமும் மேலாளரும் இருக்கிறார்கள். வேதத்தில் உங்களைப் போலவே மாட்டிக்கொண்ட ஒரு உத்தியோகஸ்தன் இருக்கிறான், சீரியாவின் படைத்தலைவன் நாகமான். குஷ்டம் நீங்கி இஸ்ரவேலின் தேவனை ஏற்றுக்கொண்ட பிறகு எலிசா தீர்க்கதரிசியிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோயிலில் பணியும்போது என் கைமேல் சாய்வான், நானும் குனியவேண்டியிருக்கும், கர்த்தர் இதை மன்னிப்பாரா? எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. "சமாதானத்தோடே போ" என்றான், அவ்வளவுதான். அந்தப் பதிலை அனுமதி என்றும் எடுக்கலாம், புது விசுவாசிக்குக் கொடுத்த அவகாசம் என்றும் எடுக்கலாம். நான் இரண்டாவதாக எடுக்கிறேன். தானியேல் இன்னொரு மாதிரி. பாபிலோனின் கல்வியைப் படித்தான், அரசாங்க வேலை பார்த்தான், பேல் தெய்வத்தின் பேரை ஒட்டிய பெல்தெஷாத்சார் என்ற பெயரைக்கூடத் தாங்கினான்; ராஜாவின் போஜனத்தை மட்டும் மறுத்தான். மறுத்த விதத்தையும் பாருங்கள். பந்தியில் தட்டைத் தள்ளவில்லை. முன்கூட்டியே அதிகாரியிடம் போய், பத்து நாள் பருப்பும் தண்ணீரும் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று வழியும் சொன்னான்.

அதனால் மேஜையைத் துடைப்பதிலும், பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போவதிலும், எல்லோரோடும் போட்டோவுக்கு நிற்பதிலும் ஒரு கெடுதலும் இல்லை. பொரிகடலை சுண்டல் போலத்தான். ஆரத்தி எடுப்பது, கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைப்பது, திருஷ்டி கழியப் பூசணிக்காய் உடைப்பது இவை ஒரு தெய்வத்தையோ ஒரு சக்தியையோ நோக்கிச் செய்கிறவை. அதில் கை வைக்காதீர்கள். டீம் லீடர் என்று உங்கள் கையில் தட்டைக் கொடுக்கப்போகிறார்கள் என்றால், ஏற்பாடு செய்கிறவரிடம் இரண்டு நாள் முன்னாலேயே தனியாகச் சொல்லிவிடுங்கள்: "வேற யாரையாவது எடுக்கச் சொல்லுங்க, நான் இனிப்பு விநியோகத்தைப் பாத்துக்கிறேன்." கூட்டத்துக்கு நடுவில் பின்வாங்கினால் எல்லோருக்கும் சங்கடம்.

இனி, பாதியில் விட்டதற்கு வருகிறேன். ஆயுத பூஜையை மறுத்த அதே கையால் புதுக் காரின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற நம்மவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆடி மாதத்தில் கல்யாணம் வைக்காத ஆலயக் கமிட்டி உறுப்பினர்களும் உண்டு. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்த வாக்குத்தத்த அட்டையை எடுக்கிறோமே, நல்ல வசனம் வந்தால் சந்தோஷம், சாதாரண வசனம் வந்தால் முகம் சுருங்குகிறது; கிளி எடுத்துக் கொடுக்கிற சீட்டுக்கும் அதற்கும் அந்த நொடியில் என்ன தூரம்? வசனம் வேதத்தில் உள்ளதுதான். அதை எடுக்கிற மனசு எதை நோக்கி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

இவை சில்லறை. சாதி சில்லறை இல்லை. 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக எழுந்து வெளியே போனார்கள். வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டின கத்தோலிக்கக் கோவிலுக்குக் கால்சட்டை போல இரண்டு கிளை. வெள்ளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று, பீடம் மட்டும் பொது. 1910 வாக்கில் தடுப்பை எடுத்ததற்கு வழக்கே நடந்தது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களையும் பிரிக்கச் சுவர் கட்டினார்கள். இன்றைக்குக் கிறிஸ்தவத் திருமண விளம்பரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: "இரட்சிக்கப்பட்ட, ஞானஸ்நானம் பெற்ற" என்று ஆரம்பித்து அடுத்த சொல்லிலேயே சாதிப் பெயர். கூடவே எத்தனை பவுன் என்ற பேச்சு. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பல சபைகளில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கும்போது அதைப் பற்றி ஒரு கேள்வியும் கிடையாது. நகையே போடக்கூடாது என்கிற சபைகளிலும் அந்தப் பேச்சு நிலமாகவும் ரொக்கமாகவும் நடக்கிறது.

சுண்டலை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்கிற குடும்பம், பிள்ளைகளுக்கு வரன் பார்க்கும் நாளில் இதே நுணுக்கத்தைக் காட்டுமா என்பதே என் கவலை. "பக்கத்தில் இருக்கிறவருக்கு என்ன ஆகிறது" என்ற பவுலின் கேள்வியை அங்கே கேட்டுப் பார்த்தால், கோலமாவை விடக் கனமான பொருள் வாசலில் கிடப்பது தெரியும்.

கடைசியாக மாமியார். ரோமர் 14 இரண்டு பக்கத்துக்கும் பேசுகிறது. புசிக்கிறவர் புசிக்காதவரை அற்பமாக எண்ணக்கூடாது, புசிக்காதவர் புசிக்கிறவரைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. முதல் பாதி உங்களுக்கு, இரண்டாவது பாதி அவருக்கு. ஆனால் இரண்டாவது பாதியை அவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டினால் சண்டை வரும். அது உங்கள் கணவருடைய வேலை. இத்தனை நாள் வாயைத் திறக்காதவர் தன் அம்மாவிடம் இதையாவது பேசட்டும். மாமியார் உங்களோடு தங்கியிருக்கும் நாட்களில் சுண்டலை அவர் முன்னால் வைத்துச் சாப்பிடவேண்டாம், ஒளித்து வைத்தும் சாப்பிடவேண்டாம். "அத்தை, நீங்க இருக்கிற வரைக்கும் நான் வாங்கல, உங்களுக்கு மனசு கஷ்டம்னு தெரியும். ஆனா இது பாவம்னு எனக்குத் தோணல" என்று நேராகச் சொல்லுங்கள். கோலத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது பிள்ளையின் விஷயம். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பிள்ளையின் கோலத்தைப் பார்த்து "நீ பிசாசைக் கும்பிடுறே" என்று அவள் சொல்லிவிட்டு வந்தால், அதைத் திருத்துவதற்கு வருஷக்கணக்கில் ஆகும்.